சொல்லச் சொல்ல வளர்ந்த கதை: வை.மு. கோதைநாயகி அம்மாள்

செங்கற்பட்டு மண்ணின் இலக்கியப் பெருமையைப் பேசத் தொடங்குவோர் பெரும்பாலும் கடற்கரையிலிருந்தே தொடங்குவர். கடல்மல்லையில் அவதரித்த பூதத்தாழ்வாரைச் சொல்வர். கல்லிலே காவியம் செதுக்கிய பல்லவர் காலத்துச் சிற்பிகளைச் சொல்வர். உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழாரையும், கண்ணொளி இல்லாமலே கவிமழை பொழிந்த அந்தகக்கவி வீரராகவ முதலியாரையும் நினைவுகூர்வர். அந்த வரிசையில் வழக்கமாக விடுபட்டுப்போகும் பெயர் ஒன்று உண்டு. நூற்றுப் பதினைந்து நாவல்களை எழுதி, சுமார் முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு மாத இதழை நடத்தி, விடுதலைப் போரில் சிறை புகுந்து, மேடையில் பேசியும் பாடியும் தம் காலத்தில் தமிழகமெங்கும் அறியப்பட்டிருந்த வை.மு. கோதைநாயகி அம்மாளின் பெயர்தான் அது. அவர் பிறந்ததும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில்தான். இறுதி மூச்சு விட்டதும் அம்மாவட்டத்திலேதான். இடைப்பட்ட வாழ்க்கை முழுவதும் திருவல்லிக்கேணியில் கழிந்ததால் சென்னை அவரைத் தன்னவர் என்று எடுத்துக்கொண்டது. பிறகு சென்னையும் மறந்தது.

காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள நீர்வளூர் என்னும் சிற்றூரில் 1901 டிசம்பர் 1ஆம் நாள் கோதைநாயகி பிறந்தார். தந்தை வெங்கடாச்சாரியார், தாய் பட்டம்மாள். ஏரிப்பாசனத்தை நம்பிய வயல்களும், பெருமாள் கோயிலும், அக்கிரகாரமுமாக அமைந்த ஊர். குழந்தைக்கு ஏறத்தாழ ஒரு வயதானபோதே தாய் காலமானார். பாட்டியின் கையிலும் சிறிய தந்தையின் குடும்பத்தார் அரவணைப்பிலும் அவர் வளர்ந்தார். பெண் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் அன்று அவ்வட்டாரத்து வைணவக் குடும்பங்களில் இல்லை. எனினும் செவிக்குக் குறைவில்லாத வீடு அது. திவ்வியப் பிரபந்தப் பாசுரங்களும், இராமாயணக் கதையும், பாட்டிமார் சொல்லும் பழங்கதைகளும் காதுவழியே அந்தச் சிறுமியின் உள்ளத்தில் இறங்கின. கோதை என்று பெயர் வைத்த குழந்தைக்குப் பாடத் தெரிந்திருந்ததில் வியப்பொன்றும் இல்லை.

1907இல், ஐந்தரை வயதில், அவருக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை திருவல்லிக்கேணி வை.மு. பார்த்தசாரதி. அவருக்கு அப்போது வயது ஒன்பது. பால்ய விவாகத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929இல்தான் நிறைவேறியது. ஆகவே ஊர் உலகத்தின் கண்ணில் இதில் புதுமை எதுவும் இருக்கவில்லை. வைத்தமாநிதி முடும்பை என்பதன் சுருக்கமான வை.மு. என்னும் முன்னெழுத்துகள் தமிழ்ப் புலமை உலகுக்கு அந்நியமானவை அல்ல. கம்பராமாயணத்துக்கு உரை கண்ட வை.மு. கோபாலகிருஷ்ணமாசாரியார் தாங்கிய முன்னெழுத்துகளும் அவையே. பிற்காலத்தில் அந்த இரண்டு எழுத்துகளோடு மூன்றாவதாகக் 'கோ' சேர்ந்து, வை.மு.கோ. என்றாலே தமிழ் வாசகர்க்கு ஒரு பெண்ணின் முகம் தோன்றும் நிலை வந்தது.

திருவல்லிக்கேணிக்கும் நீர்வளூர்ச் சிறுமி அறிந்திருந்த உலகத்துக்கும் தூரம் அதிகம் என்று எண்ணவேண்டியதில்லை. அங்கும் பெருமாள் கோயிலைச் சுற்றிய மாடவீதிகளே வாழ்க்கையின் எல்லை. கடற்கரைக்கு இப்பால் ஓடும் பக்கிங்காம் கால்வாயில், தெற்கே கோவளம், மாமல்லபுரம் பக்கத்திலிருந்து உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் வந்துகொண்டிருந்த காலம் அது. ஆனால் அதே திருவல்லிக்கேணி சுதேசி இயக்கத்தின் பேட்டையாகவும் இருந்தது. கடற்கரையில் கூட்டங்கள் நடந்தன. பாரதியார் தம் இறுதி நாள்களைக் கழித்து 1921இல் மறைந்ததும் அந்தப் பேட்டையில்தான். புக்ககத்துக்கு வந்த கோதைநாயகி வீட்டு வேலைகள் முடிந்த மாலை வேளைகளில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளைச் சேர்த்துவைத்துக் கதை சொன்னார். கேட்ட கதைகள் தீர்ந்ததும் தாமே புனைந்து சொல்லத் தலைப்பட்டார். குழந்தைகளுக்குப் பின்னே பெண்களும் வந்து உட்கார்ந்தனர். மேலே என்ன ஆயிற்று என்று கேட்கும் முகங்களைப் பார்த்துப் பார்த்துக் கதையை வளர்க்கும் பயிற்சி அவருக்கு அங்கே கிடைத்தது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே ஒரு முடிச்சுப் போட வேண்டும் என்பதைத் தொடர்கதை ஆசிரியர்கள் பலர் அனுபவத்தில்தான் கற்கிறார்கள். அவர் எழுதத் தொடங்குமுன்பே அதைக் கற்றுவிட்டார்.

கணவர் நாடகப் பிரியர். மனைவியையும் நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். அக்காலத்துக் குடும்பங்களில் இது சிறிய சலுகை அன்று. பார்த்த நாடகங்கள் கோதைநாயகியின் உள்ளத்தில் ஓர் ஆசையைக் கிளப்பின. தாமும் ஒரு நாடகம் எழுத வேண்டும் என்பதே அது. தடை ஒன்றே ஒன்று: அவருக்குத் தமிழைச் சரளமாக எழுதத் தெரியாது. உள்ளத்தில் காட்சிகள் விரிகின்றன, பாத்திரங்கள் பேசுகின்றன, பாட்டுகள்கூட அமைகின்றன; காகிதத்தில் இறக்கக் கை மட்டும் இல்லை. அந்தக் கையை அவருடைய தோழி பட்டம்மாள் தந்தார். ஒருவர் சொல்ல மற்றவர் எழுதினார். இவ்வாறு உருவானதே 'இந்திர மோகனா' என்னும் நாடகம். 1924இல் அது நூலாக வெளிவந்து நாடக உலகினரின் பாராட்டையும் பெற்றது.

பெற்ற தாயின் பெயரும் பட்டம்மாள். எழுத்தைத் தந்த தோழியின் பெயரும் பட்டம்மாள். தற்செயல்தான். ஆயினும் இந்தத் தோழியைப் பற்றி இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்வது தகும். இலக்கிய வரலாறுகளில் எழுதிக்கொடுத்த கைகளுக்கு இடம் இருப்பதில்லை. விநாயகருக்கு மட்டும் விதிவிலக்கு. சொல்வதை எழுதுவது எளிய காரியம்போலத் தோன்றும். சொல்பவரின் வேகத்துக்குக் குறையாமலும் தன் சரக்கைக் கலக்காமலும், சலிக்காமல் மாதக்கணக்கில் எழுதுவதற்குத் தனி மனம் வேண்டும். பட்டம்மாள் எழுதியதோடு நிற்கவில்லை. தோழிக்கு எழுதவும் கற்றுக்கொடுத்தார். இருபத்து மூன்று வயதுக்கு மேல் எழுதப் பழகிய ஒரு பெண் பின்னாளில் தமிழில் மிக அதிகமாக எழுதியவர்களுள் ஒருவரானார் என்றால், அந்தப் பெருக்கின் தலைவாய் மதகு திருவல்லிக்கேணியில் இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்த ஓர் அறையில்தான் இருக்கிறது.

தமிழில் நாவல் எழுதிய முதல் பெண் என்று அவரை மேடைகளில் சிலர் அறிமுகம் செய்வதுண்டு. அது பிழை, அவருக்கு அந்தப் பிழையான பெருமை தேவையும் இல்லை. வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வந்தது. அடுத்த கால் நூற்றாண்டுக்குள்ளாகவே பெண்களும் நாவல் எழுதப் புகுந்துவிட்டனர். பண்டிதை விசாலாக்ஷி அம்மாள் கோதைநாயகி குழந்தையாக இருந்தபோதே நாவல்கள் எழுதியவர், பெண்களுக்கென இதழும் நடத்தியவர். அம்மையாருக்கு உரிய முதன்மை வேறிடத்தில் உள்ளது. முன்னோடிகள் கற்றவர்கள், கற்ற பெண்கள் சிலருக்காக எழுதினார்கள். கோதைநாயகியோ படிப்பென்று ஒன்று வாய்க்காத பெண்ணாக இருந்து, அத்தகைய பெண்கள் ஆயிரக்கணக்கானோரை வாசகர்களாக ஆக்கினார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருத்தி உரக்கப் படிக்க, கூடத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் கேட்பது அக்கால வழக்கம். கேள்வியாலேயே வளர்ந்தவருடைய நடை அவ்வாறு கேட்கப்படுவதற்குப் பொருந்தி வந்தது.

முதல் நாவலான 'வைதேகி' வடுவூர் துரைசாமி ஐயங்கார் நடத்திய 'மனோரஞ்சனி' இதழில் தொடராக வெளிவரத் தொடங்கியது. வடுவூரார், ஆரணி குப்புசாமி முதலியார் ஆகியோரின் துப்பறியும் கதைகளும் மர்ம நாவல்களும் கொடிகட்டிப் பறந்த காலம் அது. 'வைதேகி'யிலும் அந்தச் சாயல் உண்டு. ஆனால் பிறர் இதழில் இடம் கேட்டு நிற்கும் நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்னும் இதழை 1925இல் விலைக்கு வாங்கி அவரே நடத்தத் தொடங்கினார். அவரது வாழ்க்கையில் எடுத்த துணிவான முடிவு எது என்று கேட்டால், சிறைக்குச் சென்றதைக்கூட இரண்டாவதாகத்தான் சொல்ல வேண்டும். சிறைக்குச் செல்லும்போது உடன் பலர் இருந்தனர். இதழை வாங்கும்போது கணவரைத் தவிர வேறு துணை இல்லை. குடும்பப் பெண் ஒருத்தி பத்திரிகை நடத்துவதாவது என்ற ஏளனம் தெருவிலும் உறவிலும் எழுந்தது. பொதுவெளியில் பெயர் அச்சாவதே பெண்ணுக்கு இழுக்கு என்று எண்ணியவர்கள் நிறைந்த பேட்டை அது.

மாத இதழ் நடத்துவது என்ன என்பதை நடத்தியவர்களே அறிவார்கள். ஒவ்வொரு மாதமும் குறித்த நாளில் பக்கங்கள் நிரம்ப வேண்டும். காகிதக் கடைக்காரருக்கும் அச்சகத்தாருக்கும் கூலி கொடுக்க வேண்டும். சந்தா பாக்கிக்கு நினைவூட்ட வேண்டும், தபாலில் சேர்க்க வேண்டும். தொடர்கதை ஒன்று சந்தாதாரர்களைப் பிடித்து வைத்திருக்கும். அது முடியுமுன் அடுத்தது தொடங்கியாக வேண்டும். அவரது நாவல்கள் இத்தனை பெருகியதன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது. 115 நாவல்களை 35 ஆண்டுகளில் வகுத்தால் ஆண்டுக்கு மூன்றுக்கு மேல் வருகிறது. இதைச் சிலர் வியப்பாகவும் சிலர் கேலியாகவும் குறிப்பிடுவர். அவர் எழுதாவிட்டால் அந்த மாதம் இதழ் இல்லை என்பதே உண்மை. இதழில் கதையோடு பெண்களின் உரிமை, உடல்நலம், வீட்டு நிர்வாகம், நாட்டு நடப்பு ஆகியனவும் இடம்பெற்றன. பிற பெண்களின் எழுத்தும் அதில் அச்சேறியது. தம் பெயரை அச்சில் காண அஞ்சியவர்கள், வை.மு.கோ.வின் பெயர் அட்டையில் இருப்பதைக் கண்டு அச்சம் தெளிந்தனர் என்று சொல்லலாம்.

'பத்மசுந்தரன்', 'சண்பகவிஜயம்', 'ராதாமணி', 'நவநீதகிருஷ்ணன்', 'சியாமளநாதன்', 'வீரவசந்தா', 'நளினசேகரன்' என்று ஆரம்பகால நாவல்களின் பெயர்களே அக்காலத்து மணத்தைச் சுமந்திருக்கின்றன. பெரும்பாலும் ஓர் ஆள் பெயர், அல்லது இணைந்துவரும் இரு பெயர்கள். பின்னாளில் 'சோதனையின் கொடுமை', 'அன்பின் சிகரம்', 'உளுத்த இதயம்', 'வாழ்க்கையின் நாதம்' எனப் பெயர்கள் மாறுகின்றன. பெயர்கள் மாறியதுபோலவே கதையும் மர்மத்திலிருந்து குடும்பத்துக்கும், குடும்பத்திலிருந்து சமூகத்துக்கும் நகர்ந்தது. பால்ய விவாகம், விதவையின் துயர், வரதட்சிணை, மதுவினால் சீரழியும் வீடு, பெண் கல்வி ஆகியவை திரும்பத் திரும்ப வரும் பொருள்கள். ஐந்து வயதில் தாலி கட்டிக்கொண்ட ஒருவர், தம் இல்வாழ்க்கை இனிதே அமைந்திருந்தும், அவ்வாறு அமையாத பெண்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார்.

குறைகளை மறைப்பதால் அவருக்குப் பெருமை சேராது. நடையில் வடசொல் மிகுதி. பாத்திரங்கள் நீண்ட பிரசங்கம் செய்கின்றன. நல்லவர்கள் முற்றும் நல்லவர்கள், தீயவர்கள் கடைசி அத்தியாயத்தில் திருந்துகிறார்கள். காணாமற்போனவர்கள் வேண்டிய தருணத்தில் தவறாமல் வந்து சேர்கிறார்கள். திருத்தி எழுத அவகாசம் இல்லாத எழுத்து இது. ஒருவேளை பத்து நாவல்களோடு நிறுத்தி அவற்றைச் செப்பனிட்டிருந்தால் திறனாய்வாளர்கள் அவரை வேறு விதமாக எடைபோட்டிருக்கக்கூடும். ஆனால் அப்போது ஜகன்மோகினி இருந்திராது. அதைக் காத்திருந்து வாங்கிய பெண்களின் கையில் வேறு எது இருந்திருக்கும் என்பதும் கேள்வி.

1925இல் காந்தியடிகளைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. எஸ். சீனிவாச ஐயங்காரின் திருமகளார் அம்புஜம்மாளின் நட்பு அதற்கு வழிவகுத்தது. அன்று முதல் பட்டும் நகையும் கைவிட்டுக் கதர் உடுத்தலானார். அம்புஜம்மாள், ருக்மணி லட்சுமிபதி, வசுமதி ராமசாமி முதலியோரோடு சேர்ந்து இயக்கப் பணியில் இறங்கினார். கதை சொல்லிப் பழகிய நா மேடைக்குப் பெரிதும் உதவியது. கனமான கருத்தையும் ஒரு குட்டிக் கதையில் பொதிந்து கொடுப்பார், இடையிடையே பாடுவார். ராஜாஜி, சத்தியமூர்த்தி போன்ற தலைவர்கள் பேசிய மேடைகளில் அவருக்கும் இடம் இருந்தது. 1930களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணி மறியலிலும் ஈடுபட்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் உள்ளே இருந்த மாதங்களில் இதழைக் கணவர் பார்த்துக்கொண்டார்.

சிறை அவருக்கு ஓர் எதிர்பாராத பள்ளியாயிற்று. திருவல்லிக்கேணி மாடவீதியில் காணக் கிடைக்காத பெண்களை அவர் அங்கே கண்டார். வறுமையாலும் கொடுமையாலும் குற்றத்தில் விழுந்தவர்கள், பிறர் குற்றத்தைத் தலையில் சுமந்தவர்கள் எனப் பலர். அரசியல் கைதிகள் பலர் சிறையில் கீதையும் கைராட்டையுமாகப் பொழுதைக் கழித்தபோது, இவர் அந்தப் பெண்களின் அருகே உட்கார்ந்து அவர்கள் கதையைக் கேட்டார். கதை சொல்லியே வளர்ந்தவர் இப்போது கேட்பவராக மாறினார். 'சோதனையின் கொடுமை' அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. 'உத்தமசீலன்' நாவலும் சிறைவாசத்தின் விளைவே. சிறைக்குப் பிந்திய நாவல்களில் குற்றவாளியைப் பற்றிய பார்வையில் ஒரு கனிவு கூடியிருக்கிறது. முன்பு தண்டனை பெற்ற பாத்திரங்கள் இப்போது விசாரிக்கப்படுகின்றன. ஏன் இப்படி ஆனாய் என்று யாராவது ஒருவர் கேட்கிறார்.

இசையில் அவருக்கு இருந்த தேர்ச்சியைத் தனியே ஒரு கட்டுரையாக எழுதலாம். அவரது குரல் இசைத்தட்டுகளிலும் பதிவாகியது. காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு வந்து, பின்னர் பெரும்புகழ் எய்திய டி.கே. பட்டம்மாள் மேடையேறத் தயங்கிய இளம் பருவத்தில் அவரது கூச்சத்தைப் போக்கி ஊக்கியவர்களுள் அம்மையாரும் ஒருவர். அந்தணக் குலப் பெண்கள் பொதுமேடையில் கச்சேரி செய்வது தகாது என்று கருதப்பட்ட காலம் அது என்பதை மறந்துவிடலாகாது. எழுத்துலகில் தாம் கடந்த வாசற்படியை இசையுலகில் இன்னொரு பெண் கடக்கக் கைகொடுத்தார். பிரசவம் பார்ப்பதில் கைராசிக்காரர் என்ற பெயரும் அவருக்கு இருந்தது. பத்திரிகை ஆசிரியை, பேச்சாளர், தேசபக்தை என்று ஊர் அறிந்தவரை, அக்கம்பக்கத்தார் அகாலத்தில் வந்து கதவைத் தட்டி அழைத்துச் சென்றது இதற்காகவே.

பேசும்படம் வந்ததும் அவரது கதைகளும் திரைக்குப் போயின. 1937இல் 'ராஜமோகன்', 1938இல் ஜூபிடர் நிறுவனத்தின் 'அநாதைப் பெண்' ஆகியவை அவருடைய கதைகளைத் தழுவியவை. புராணப் படங்களின் ஆதிக்கம் ஓயாத அந்நாளில் சமூகக் கதை தேடியவர்களுக்கு ஜகன்மோகினியின் பக்கங்கள் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தன. பிற்காலத்தில் திரைப்படத் தணிக்கைக் குழுவிலும் அவர் பணியாற்றினார்.

1930களில் தமிழ் உரைநடை உலகம் வேகமாக மாறியது. ஆனந்த விகடனில் கல்கியின் எழுத்து ஒருபுறம், 1933இல் தோன்றிய மணிக்கொடியின் சோதனைகள் மறுபுறம். எளிய நடைக்குக் கல்கி, கலைநுட்பத்துக்கு மணிக்கொடியார் என்று வரலாறு எழுதப்பட்டபோது, அதற்கு முன்பே வாசகக் களத்தை உழுதுவைத்தவர்கள் ஒரு வாக்கியத்தில் ஒதுக்கப்பட்டனர். வெகுசன எழுத்து என்ற காரணத்தால் சிலரும், பழைய நடை என்ற காரணத்தால் சிலரும், பெண்களுக்கான கதை என்ற காரணத்தால் சிலரும் அம்மையாரைக் கடந்துபோயினர். வெகுசன எழுத்தாளரான வடுவூராரைப் பற்றிப் பேசியவர்கள்கூட இவரை விட்டுவிட்டதைக் காணும்போது, மூன்றாவது காரணமே வலுவானது என்று கருத இடமிருக்கிறது.

இந்த மறதி தமிழுக்கு மட்டும் உரியதன்று. கடல்களுக்கு அப்பால், அமெரிக்கக் கறுப்பினத்துப் பெண் நாவலாசிரியையான சோரா நீல் ஹர்ஸ்டனின் வாழ்க்கையை இதனோடு ஒட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. 1891இல் பிறந்து, ஃபுளோரிடாவில் கறுப்பினத்தவரே ஆண்ட ஈட்டன்வில் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர் அவர். சிறு வயதில் தாயை இழந்தார். கடைத்திண்ணையில் ஊரார் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்து, அந்தப் பேச்சுமொழியையே நாவலாக்கினார். 1937இல் அவருடைய தலைசிறந்த நாவல் வந்தபோது, அதில் போராட்டக் குரல் இல்லை என்று அவருடைய இனத்து எழுத்தாளர்களே குறை கூறினர். வறுமையுற்று 1960 ஜனவரி 28ஆம் நாள் ஒரு பொதுநல விடுதியில் இறந்தார். பெயர்க்கல்கூட இல்லாத அவரது கல்லறையைத் தேடிச்சென்று 1973இல் கல் நட்டவர் ஆலிஸ் வாக்கர் என்னும் இளைய நாவலாசிரியை. அதன் பிறகே அமெரிக்கா அவரை மீண்டும் படித்தது. கலைத்தரத்தில் இருவரையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. ஹர்ஸ்டனின் செறிவு கோதைநாயகியிடம் இல்லை. அம்மையார் பெற்ற பரந்த வாசகக் கூட்டம் ஹர்ஸ்டனுக்கு வாய்க்கவும் இல்லை. இருவருக்கும் பொதுவாய் இருப்பது, திண்ணையிலும் கூடத்திலும் காதால் பெற்ற கல்வியும், தத்தம் மொழியின் திறனாய்வாளர்கள் காட்டிய பாராமுகமுமே. ஹர்ஸ்டன் மறைந்த மூன்று வாரங்களில் கோதைநாயகியும் மறைந்தார்.

அந்த மறைவுக்கு முந்திய ஆண்டுகள் துயரம் மிக்கவை. 1948இல் காந்தியடிகள் கொல்லப்பட்ட பின், அவர் நினைவாகத் திருவல்லிக்கேணியில் மகாத்மாஜி சேவா சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கிப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கல்வியும் கைத்தொழிலும் கிடைக்கச் செய்தார். விடுதலைப் போராட்டத் தொண்டுக்காக அரசு அளித்த பத்து ஏக்கர் நிலத்தை வினோபாவின் பூமிதான இயக்கத்துக்கே கொடுத்துவிட்டார். ஏரிப்பாசன ஊரில் பிறந்தவருக்கு நிலத்தின் அருமை தெரியாதென்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்தே கொடுத்தார். 1956இல் அவருடைய ஒரே மகன் இறந்தார். மேடையும் பயணமும் எழுத்துமாக ஓயாது இயங்கியவரை அந்த ஓர் அடி உட்காரவைத்தது. பிறகு காசநோய் பற்றியது.

தாம்பரம் காசநோய் மருத்துவமனை, டாக்டர் டேவிட் சௌரி முத்து என்பவர் 1928இல் தொடங்கிப் பின் அரசு ஏற்றுக்கொண்டது. நல்ல காற்றுக்கென்று நகரத்துக்கு வெளியே, செங்கற்பட்டு மாவட்டத்து மேட்டு நிலத்தில் அமைக்கப்பட்ட அந்த இடத்தில் அவர் சேர்க்கப்பட்டார். 1960 பிப்ரவரி 20ஆம் நாள் அங்கேயே காலமானார். வயது ஐம்பத்தெட்டு. அவரோடு ஜகன்மோகினியின் காலமும் முடிந்தது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1966இல், அவருடைய 'தயாநிதி' நாவலைத் தழுவி 'சித்தி' என்னும் திரைப்படம் வந்தது. கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கம். பத்மினியும் ஜெமினி கணேசனும் எம்.ஆர். ராதாவும் நடித்தனர். தன் குடும்பத்துக்காக வயதில் மூத்த ஒருவரை மணந்து, அவருடைய தாயில்லாக் குழந்தைகளுக்குச் சிற்றன்னையாகும் பெண்ணின் கதை. படம் பெருவெற்றி பெற்றது. அரங்கை நிறைத்த தாய்மாரில் பலர் தம் இளமையில் ஜகன்மோகினியைக் காத்திருந்து படித்தவர்களாக இருந்திருப்பார்கள். முன்பு 'அநாதைப் பெண்', இப்போது 'சித்தி'. தாயற்ற குழந்தையையும் தாயின் இடத்தில் வந்து நிற்கும் பெண்ணையும் அவருடைய கற்பனை கடைசிவரை விட்டு விலகவே இல்லை. சாகித்திய அகாதெமி பின்னர் இந்திய இலக்கியச் சிற்பிகள் வரிசையில் அவரைப் பற்றிய நூலொன்றைத் தமிழில் வெளியிட்டது. நாவல்களிற் பெரும்பாலானவை கடைகளில் கிடைப்பதில்லை. பழைய நூலகங்களின் அலமாரிகளில், முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் உதிர்ந்த நிலையில், சில இருக்கின்றன.